திரைவாசிப்பான் பில்லிங் மென்பொருளில் மட்டும் பேசவில்லை

ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் ஊரிலிருந்து எழுதுகிறேன். தங்கைக்கு இரு கண்ணிலும் பார்வை இல்லை, பி.காம். முடித்தவள். நண்டு, இறால் ஏற்றுமதி செய்யும் கம்பெனி ஒன்றில் கணக்கு வேலைக்கு ஒரு மாதம் பார்க்கலாம் என்று எடுத்திருக்கிறார்கள். இன்னும் 12 நாள்தான் பாக்கி.

விண்டோஸ் 10, திரையில் இருப்பதைக் குரலில் வாசித்துச் சொல்லும் என்விடிஏ (NVDA) திரைவாசிப்பான். எக்செல், மின்னஞ்சல் எல்லாம் கடகடவென்று வாசிக்கிறது. கம்பெனியின் பழைய பில்லிங் மென்பொருளைத் திறந்தால் மட்டும் வாய் திறப்பதில்லை. டேப் விசையைத் தட்டத் தட்ட 'பேன், பேன்' (pane, அதாவது திரையின் ஒரு பகுதி) என்கிறது. எது எடைக் கட்டம், எது விலைக் கட்டம் என்று தெரியாது. ("தலையில் இருப்பது போதாதா" என்கிறாள் அவள்.)

என்விடிஏவைப் புதுப்பித்தோம். மென்பொருளை நிர்வாகி அனுமதியோடு இயக்கினோம். என்விடிஏ விசையுடன் ஆர் அழுத்தினால் திரை எழுத்தை வாசிக்கிறது. எண்ணை உள்ளிட அதைவிட்டு வெளியே வந்தால் மறுபடி மௌனம். மென்பொருள் விற்றவர் போனை எடுப்பதில்லை. மாற்றுத்திறனாளிகளுக்கான 4 சதவீத இடஒதுக்கீடு அரசு வேலைக்குத்தான்; இங்கே முதலாளியின் பொறுமைதான் சட்டம்.

எக்செலில் பில் விவரங்களை அடித்து, மொத்தமாக இப்படிப்பட்ட பழைய மென்பொருளுக்குள் ஏற்றும் வழியை யாராவது செய்து பார்த்திருக்கிறீர்களா?