வடக்குத் தெரு குடும்பம்: சனிக்கிழமை யார் போறது?

சரசு சித்தி: எல்லாருக்கும் ஒரு விஷயம். இங்க இங்கிலாந்துல நம்ம மீனா மாமனார், சம்பந்தி, அடக்கம் வெள்ளிக்கிழமை 12 மணிக்கு. அது முடிஞ்சு எல்லாரும் பப்புக்குப் போறாவளாம். சாப்பாடு அங்கதானாம். நாங்க போகலாமா வேண்டாமா

செல்வி அத்தை: பப்புன்னா?

பாபு: பார் அத்தை

செல்வி அத்தை: துட்டிச் சாப்பாடு பார்லயா

செல்வி அத்தை: முருகா

ஜெயா சித்தி: 🙏🙏 பேத்தி பொறந்து ஒரு மாசம்கூட ஆகலையே. கண்குளிரப் பாத்துட்டாவளா?

சரசு சித்தி: ஒரே ஒரு தடவை தூக்குனாவ

முருகேசன் பெரியப்பா: ராஜா என்ன சொல்லுதான்

சரசு சித்தி: அவிய வாயே திறக்கலை பெரியத்தான். இன்னொண்ணு இருக்கு. சம்பந்தியோட கூட்டாளிங்க நாலு பேரு வந்திருந்தாவ. சம்பந்தி சனிக்கிழமை சனிக்கிழமை போற பப்புக்கெல்லாம் மாப்பிள்ளையைக் கூட்டிக்கிட்டு ஒரு சுத்து போறாவளாம். மீனா அப்பாவும் கட்டாயம் வரணுமாம்

முருகேசன் பெரியப்பா: அவன் வரமாட்டான். சத்தியம் பண்ணியிருக்கான்

கண்ணன் கேம்பிரிட்ஜ்: சித்தி, டாஸ்மாக் பாரை மனசுல வச்சிக்கிட்டு இதைப் பாக்காதீங்க. பப்ளிக் ஹவுஸ்ங்கிறதைத்தான் பப்னு சுருக்கிட்டாங்க. வயசான பாட்டிமார், கைப்பிள்ளைக்காரி, நாய் கூட்டிட்டு வர்றவர் எல்லாரும் உக்காந்திருப்பாங்க. நம்ம வீட்டுத் திண்ணை மாதிரி. அடக்கம் முடிஞ்சு அங்க கூடி, போனவரைப் பத்திப் பேசுறது இங்க வழக்கம். போகலைன்னாதான் மனசு சங்கடப்படும்.

கண்ணன் கேம்பிரிட்ஜ்: அந்தச் சனிக்கிழமைச் சுத்து எனக்குத் தெரியும். அவரோட ரெண்டு தடவை போயிருக்கேன். பெரி செயின்ட் எட்மண்ட்ஸ்ல புதனும் சனியும் சந்தை. காய்கறி வாங்கிப் பையில போட்டுக்கிட்டு முதல்ல நட்ஷெல்னு ஒரு பப். 1867ல இருந்து இருக்கு. மொத்த இடமே 15 அடிக்கு 7 அடி. பத்துப் பதினஞ்சு பேர் நின்னா கதவைத் திறக்க முடியாது. 1984ல 102 பேரும் ஒரு நாயும் உள்ள போய் சாதனை பண்ணியிருக்காங்க.

பாபு: 102ஆ

பாபு: பாளையங்கோட்டை டவுன் பஸ்

கண்ணன் கேம்பிரிட்ஜ்: கூரையில ஒரு பூனை தொங்கும். பழைய காலத்துல செத்துக் காஞ்சு போனது. அதை யாரும் தொட விடமாட்டார் மீனா மாமனார்.

செல்வி அத்தை: செத்த பூனையா?

செல்வி அத்தை: சரசு, பிள்ளையைக் கொண்டு போயிராத

சரசு சித்தி: சரி அண்ணி

செல்வி அத்தை: பிள்ளைக்கு வசம்பு கட்டினியா

கண்ணன் கேம்பிரிட்ஜ்: அடுத்து வைட்டிங் தெரு ரோஸ் அண்ட் கிரவுன். வீட்டுக்கு வாங்கிட்டுப் போறவங்களுக்குன்னு தனியா ஒரு குட்டி கவுண்டர், அந்தக் காலத்துல வச்சது, இன்னும் அப்படியே இருக்கு. எதிர்ல வெஸ்ட்கேட் தெருவுல கிரீன் கிங் ப்ரூவரி, பியர் காய்ச்சுற ஆலை, 1799ல ஆரம்பிச்சது. மால்ட் வேகுற நாள்ல தெரு முழுக்க வாசம். கடைசியா ஓல்டு கேனன். அங்க பாருக்குள்ளயே பியர் காய்ச்சுற எவர்சில்வர் அண்டா நிக்கும்.

முருகேசன் பெரியப்பா: எல்லாம் பியர்தானே. இதுக்கு எதுக்கு மூணு கடை

கண்ணன் கேம்பிரிட்ஜ்: அப்பா, அவர் குடிச்சது ரியல் ஏல். சாதாரண பியரை வடிகட்டி, கேஸ் ஏத்தி அனுப்புவாங்க. இதுல பீப்பாய்க்குள்ள ஈஸ்ட் உயிரோட இருக்கும். பப்புக்கு அடியில நிலவறையில 11லிருந்து 13 டிகிரிக்குள்ள வச்சு, அங்கதான் பக்குவம் ஆகும். அடிபம்பு மாதிரி கைப்பிடியை இழுத்தா மேல வரும். வழக்கமா ஒரு பீப்பாய்க்கு 72 பைன்ட், அதாவது 72 பெரிய கிளாஸ். திறந்தா மூணு நாள்ல காலி பண்ணணும், இல்லைன்னா புளிச்சுக் கெட்டுரும். அதனால ஒவ்வொரு பப்புலயும் ருசி அந்தக் கடைக்காரர் கைப்பக்குவம். பெரிய கம்பெனிங்க இதை ஒழிச்சிருவாங்கன்னு பயந்து 1971ல நாலு பேர் காம்ரான்னு ஒரு இயக்கம் தொடங்கினாங்க. அவரும் அதுல உறுப்பினர். அந்த அட்டையைப் பர்ஸ்லயே வச்சிருப்பார்.

பாபு: அதுல மீன் போடுவாங்களாமே

கண்ணன் கேம்பிரிட்ஜ்: தெளிய வைக்க மீனோட காத்துப்பையில இருந்து எடுத்த பசை போடுறது உண்டு. போடாததும் கிடைக்கும்

சரசு சித்தி: அவிய சைவம் வேற

முருகேசன் பெரியப்பா: கள்ளு மாதிரின்னு ஒரு வார்த்தையில சொல்லுல. காலையில இறக்குனது சாயங்காலம் கடுத்துரும். எங்க ஐயா பனையடியில நின்னு பட்டையில வாங்கிக் குடிச்சாரு. ஒரு நாளும் தெருவுல விழுந்ததில்ல

செல்வி அத்தை: ஐயாவை எதுக்கு இழுக்கிய அண்ணே

முருகேசன் பெரியப்பா: உள்ளதைச் சொன்னேன். 1987ல கள்ளை நிறுத்துனாங்க. அதுக்கப்புறம்தான் கணேசன் பிராந்திக் கடைக்குப் போக ஆரம்பிச்சான்

செல்வி அத்தை: அண்ணே. ஜெயா பாத்துக்கிட்டு இருக்கா

முருகேசன் பெரியப்பா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

பாபு: படிச்சாச்சு பெரியப்பா

பாபு: ஊர் வீட்டுக் கரண்ட் பில் இந்தத் தடவை யார் கட்டுறது? ஃபியூஸைப் பிடுங்கப் போறாங்க

செல்வி அத்தை: போன தடவை நான்தான் கட்டினேன்

முருகேசன் பெரியப்பா: அதை அப்புறம் பேசுவோம்

மீனா: பெரியப்பா, நான் ஒண்ணு சொல்றேன். மாமா என் கல்யாணத்துக்கு வந்தப்போ திருச்செந்தூர்ல சட்டையைக் கழட்டச் சொன்னாங்க. ஏன்னு கேக்காம கழட்டினார். ரெண்டு மணி நேரம் வரிசையில நின்னார், முதுகெல்லாம் சிவந்துபோச்சு. அவருக்கு சாமி நம்பிக்கையே கிடையாது. அப்பாவுக்காக நின்னார்.

முருகேசன் பெரியப்பா: அது எனக்கும் ஞாபகம் இருக்கு. நான்தான் துண்டு கொடுத்தேன்

மீனா: அப்பா குடிக்க வேண்டாம். கூட நின்னா போதும்

கண்ணன் கேம்பிரிட்ஜ்: குடிக்கச் சொல்லி யாரும் வற்புறுத்த மாட்டாங்க. ஆனா ரவுண்டுன்னு ஒண்ணு உண்டு. ஆளுக்கு ஒரு தடவை எல்லாருக்கும் வாங்கணும். சித்தப்பா குடிக்கலைன்னாலும் அவர் முறை வரும்போது அவர் வாங்கணும். மேஜைக்கு வந்து கேக்க மாட்டாங்க, கவுண்டர்ல போய் நாமளே சொல்லி வாங்கிட்டு வரணும். நான் வெள்ளிக்கிழமை ரயில்ல வந்துடறேன், பக்கத்துல நிப்பேன்.

செல்வி அத்தை: சாராயத்தை இவன் காசு போட்டு வாங்கிக் கொடுக்கணுமா? அது சத்தியத்துல சேராதா

பாபு: சேராது

செல்வி அத்தை: உன்னைக் கேக்கலை

ஜெயா சித்தி: தம்பி போகட்டும்

ஜெயா சித்தி: அவிய பேரைச் சொல்லி இனிமே யாரும் யாரையும் நிறுத்த வேண்டாம். பதினாறு வருஷம் ஆச்சு. செத்த வீட்டுல கூப்பிட்டு வரமாட்டேன்னு சொல்றது நம்ம வீட்டு வழக்கம் இல்ல

முருகேசன் பெரியப்பா: சரி ஜெயா

முருகேசன் பெரியப்பா: வெள்ளிக்கிழமை ரெண்டு பேரும் போங்க. சனிக்கிழமை ராஜா இஷ்டம்

செல்வி அத்தை: கறுப்புச் சேலையா வெள்ளையா

மீனா: கறுப்பு அத்தை. அம்மாகிட்ட இல்ல, என்னோடது தர்றேன்

செல்வி அத்தை: துட்டிக்குக் கறுப்பா. எல்லாம் தலைகீழ்

சரசு சித்தி: அவிய இப்பத்தான் வாயைத் திறந்தாவ. அந்தப் பூனைக் கடையில ஆரஞ்சு ஜூஸ் கிடைக்குமான்னு கேக்காவ

கண்ணன் கேம்பிரிட்ஜ்: கிடைக்கும் சித்தி

செல்வி அத்தை: ஐஸ் போடாம வாங்கச் சொல்லு. அங்க குளிரு

பாபு: கரண்ட் பில்?