மெட்டாஸ்டாசிஸ்: ‘இடப்பெயர்வு’ வேண்டாம், ‘தொலைவூன்றல்’ சரியா வருமா?

எல்லாருக்கும் வணக்கம்,

புற்று தொடங்கின இடத்துலருந்து தொலைவுல இருக்கற வேற உறுப்புக்குப் பரவறதைத்தான் மெட்டாஸ்டாசிஸ்னு சொல்றாங்க, அதுக்குத் தமிழ்ச்சொல் தேடற நம்ம மடல்கள்ல ‘இடப்பெயர்வு’ன்னு ஒண்ணு வந்துச்சு. அந்தச் சொல்லை நான் ஏன் விடாம எதிர்க்கிறேன்னா, இடம் பெயர்ந்தா பழைய இடம் காலியாகிடணும்ல, இங்க அப்படி ஆகறதில்ல, கருப்பை வாய்ப் புற்றையே எடுத்துக்கிட்டா, கருப்பை வாய்ல கட்டி இருந்தபடியே இருக்கும், அதுலருந்து பிரிஞ்ச செல்லுங்க ரத்தத்தோட போய் வேற உறுப்புல வேர் பிடிக்குது. கருப்பை வாய்ப் புற்று வந்திருந்த எங்க சித்திக்கு மூளையில கட்டின்னு ஸ்கேன்ல தெரிஞ்சப்ப அம்மா கேட்டது இதான்: “இது ரெண்டாவது கேன்சரா?” இல்லம்மா, அதே கேன்சர்தான்னு சொல்ல எனக்கு ஒரு தமிழ்ச்சொல் கிடைக்கல. அந்த மாதிரிக் கட்டியில துணுக்கு எடுத்து மைக்ராஸ்கோப்ல பார்த்தா தெரியறது கருப்பை வாய்ப் புற்றோட செல்லுதான், மூளையோட செல் இல்ல. மருந்தும் அதை வச்சுத்தான் முடிவாகும்.

இந்தப் புற்று வழக்கமா போறது நிணநீர்க் கணு, நுரையீரல், கல்லீரல், எலும்பு. மூளைக்குப் போறது நூத்துல ஒருத்தருக்குங்கற அளவுலதான்.

‘படர்தல்’னு போன மடல்ல வந்துச்சு. கொடி படர்ந்தா நடுவுல அறுந்திருக்காதே, அதைப் பக்கத்துத் திசுவுக்குப் பரவறதுக்கு வச்சுக்கலாம். ‘விழுது’ அழகான சொல், ஆனா அதுவும் மரத்தோட ஒட்டித்தான் இருக்கு. ‘தாய்ப்புற்று, சேய்ப்புற்று’ எனக்கும் முதல்ல பிடிச்சுது, ஆனா கருப்பையை எடுத்துட்டுப் படுத்திருக்கற ஒரு பொண்ணுகிட்ட ‘சேய்’னு எப்படிங்க சொல்றது? என் வாய்ல வராது.

1889ல ஸ்டீபன் பேஜட்ங்கற ஆங்கிலேய அறுவை மருத்துவர் புற்றுச் செல்லை விதைன்னும் அது போய்ச் சேர்ற உறுப்பை மண்ணுன்னும் எழுதினார், விதை எங்க விழுந்தாலும் ஒத்துக்கற மண்ணுலதான் முளைக்கும்னு. அதை வச்சுத்தான் ‘தொலைவூன்றல்’ சொல்றேன். தொடங்கின இடத்துக்கு ‘முதற்புற்று’, மூளையில வந்ததுக்கு ‘கருப்பைவாய்ப் புற்றின் மூளையூன்றல்’. பேர்லயே ஊர் தெரிஞ்சிடும், ரெண்டாவது கேன்சரான்னு யாரும் கேக்க வேண்டாம்.

மெட்டாஸ்டாசிஸ்ல லெப்டோமெனிஞ்சியல்ங்கற வகை இன்னும் அரிது, அதுக்கு இந்தச் சொல் பொருந்தாது. மூளையையும் தண்டுவடத்தையும் மூடற உறைகள்ல உள்ளே இருக்கற மெல்லிய ரெண்டுலயும், நடுவுல ஓடற நீர்லயும் செல்லுங்க மிதந்து வண்டல் மாதிரி படியும், பல நேரம் கட்டியா திரளாது, எம்ஆர்ஐல மெல்லிசா ஒரு கோடு மின்னும், அவ்வளவுதான். ‘மென்னுறைப் படிவு’ன்னு வைக்கலாம்.

ஒரு நெருடல் மட்டும் இருக்கு. நோயாளி கையில போற தாள்ல ‘ஊன்றல்’னு பார்த்தா, இனி பிடுங்கவே முடியாதுன்னு நினைச்சிடுவாங்களோ? வார்டுல அவங்ககூட நேரா பேசறவங்க யாராவது சொல்லுங்க.