ஊர் நூலகத்த திறக்கணும், கிராம சபைக்கு ஆளே வரமாட்றாங்க. என்னதான் பண்றது?

கெடிலக்கரை:
வணக்கம். நம்ம ஊரு குறிஞ்சிப்பாடி பக்கம், பேர் வேணாம். ஜனத்தொகை 2400னு கணக்கு, ஆனா பொங்கலுக்கும் திருவிழாவுக்கும்தான் அந்தக் கணக்கு சரியா வரும், மத்த நாள்ல பசங்க பாதி பேர் சிங்கப்பூர், சென்னை, மிச்சம் பேரு நெய்வேலி கான்ட்ராக்ட் வேலைக்கு விடியகாலைலயே பஸ் ஏறிடுவாங்க. அண்ணா மறுமலர்ச்சி திட்டத்துல கட்டுன நூலகம் ஒண்ணு இருக்கு, நான் பத்தாவது படிக்கச்சொல்ல தினம் பேப்பர் பாத்ததே அங்கதான். இப்ப நாலு வருஷமா பூட்டிக் கெடக்கு, உள்ள ப்ளீச்சிங் பவுடர் மூட்டை. தீர்மானம் போடலாம்னு லீவு போட்டுட்டு இந்த ஆகஸ்ட் 15 கிராம சபைக்கு போனேன். எங்க ஊருக்கு 100 பேர் இருந்தாதான் கூட்டம் செல்லும், வந்தது முப்பது முப்பத்தஞ்சு, அதுலயும் பாதி நூறு நாள் வேலைக்காரங்க, கையெழுத்து போட்டு டீ குடிச்சிட்டு கெளம்பிட்டாங்க, அப்புறம் நோட்டு வீடு வீடா போய் நூறு ஆயிடுச்சு. 2025 ஜனவரிலேர்ந்து தலைவரும் இல்ல, தனி அலுவலர்தான். இதே ஜனம் திரௌபதி அம்மன் தீமிதிக்கு தலைக்கட்டுக்கு 2000 ரூபா, ஒருத்தர் பாக்கி இல்லாம குடுத்துச்சு, பத்து நாள் பாரதக்கூத்துக்கு ராத்திரி பூரா முழிச்சிருந்துச்சு. எங்க கோளாறு?

பாகூர்க்காரன்:
உங்களுக்காவது 2025 வரைக்கும் தலைவர் இருந்தார் தம்பி. எங்க புதுச்சேரில 1968க்கு அப்புறம் 2006லதான் உள்ளாட்சி தேர்தலே நடந்துச்சு, 2011ல பதவிக்காலம் முடிஞ்சது, அதோட சரி. தெருவிளக்கு எரியலன்னா எம்எல்ஏ வீட்டு வாசல்தான். மொத்தம் 30 தொகுதி, ஒண்ணொண்ணும் சராசரியா முப்பதாயிரம் ஓட்டு சொச்சம்தான், அதனால காதுகுத்துக்கு கூட அவர் வந்துடுவாரு, விளக்கும் எரிஞ்சிடும், ஆனா கேக்குறவனுக்கு மட்டும்தான் எரியும்.

பண்ருட்டி பலாக்கொட்டை:
கோளாறு ஒண்ணும் இல்ல. கோயில்ல திருவிழா முடிஞ்ச மூணாம் நாள் மைக்க போட்டு பூவுக்கு இவ்ளோ, பந்தலுக்கு இவ்ளோ, கூத்துக்காரங்களுக்கு இவ்ளோன்னு வாசிக்கிறோம்ல, குடுத்தவன் காதுல அவன் காசு விழுது. கிராம சபைலயும் வரவு செலவு வாசிக்கணும்னுதான் இருக்கு, ஆனா நம்ம ஆளுங்க வாசிக்கிற வேகத்துல எவனுக்கு புரியுது சொல்லுங்க. இன்னொண்ணு, பெருசா கேக்காதீங்க. சாவிய மட்டும் கேளுங்க, சாயந்தரம் ரெண்டு மணி நேரம் தொறந்து வைங்க, ஜனம் வர ஆரம்பிச்சதும் நமக்கு நாமே திட்டத்துல மூணுல ஒரு பங்கு ஊர்ப் பணம் காட்டி ரிப்பேருக்கு எழுதிப் போடலாம்.

தெற்குத்தெரு:
ஒண்ணு கேக்கறேன் கோச்சிக்காதீங்க. அந்த தலைக்கட்டு கணக்குல காலனி இருக்கா? எங்க ஊர்ல இல்ல, வரி வாங்க மாட்டாங்க, ஏன்னா வாங்கிட்டா மரியாதை குடுக்கணும். கல்யாணமான ஆம்பளைதான் ஒரு தலைக்கட்டு, அப்ப பொம்பளைங்களும் கணக்குல கெடையாது. ஊரே கூடுச்சுன்னு எழுதுறீங்க, எந்த ஊரு? கிராம சபை ஒண்ணுலதான் எங்கம்மா நாற்காலில உக்காந்து கேள்வி கேக்க முடியும், டீ குடிச்சிட்டு போன நூறு நாள் வேலைக்காரங்கன்னு சொன்னீங்களே, வந்ததே அவங்கதான்னு யோசிச்சீங்களா?

பனிக்காட்டுத் தமிழச்சி:
நான் கடலூர் முதுநகர் பொண்ணு, இப்ப கனடா சஸ்காட்சுவான்ல நர்ஸ். 600 பேர் இருக்குற ஊரு, சுத்தி கோதுமை, கடுகு வயல்தான். இங்கயும் இதே பொலம்பல்தான்ணா. அந்த காலத்துல குதிரை வண்டில தானியத்த கொண்டாந்து போட்டுட்டு அன்னிக்கே வீடு திரும்பணும்னு எட்டு பத்து மைலுக்கு ஒரு ரயில் ஸ்டேஷன், ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் எலிவேட்டர்னு பெரிய மரக் களஞ்சியம், அதச் சுத்திதான் ஊரே. மேற்கு கனடால ஐயாயிரத்துக்கும் மேல இருந்துச்சாம், லாரி வந்துச்சு, ரயில் பாதைய எடுத்தாங்க, களஞ்சியத்த இடிச்சாங்க, அப்புறம் ஸ்கூல மூடுனாங்க. ஆனா ஐஸ் ஹாக்கி மைதானத்த மட்டும் விடமாட்டாங்க, ஷிப்ட் போட்டு ஊர்க்காரங்களே கேன்டீன் நடத்துறாங்க, தீயணைப்பு வண்டிக்கும் சம்பள ஆள் இல்ல, மெக்கானிக்கும் விவசாயியும்தான் ஓடுறாங்க. அறுப்பு முடிஞ்சதும் வீட்டுக்கு வீடு சமைச்சு டிக்கெட் போட்டு கோழி விருந்து, அந்த காசு ஹாலுக்கு. இதே மாகாணத்துல ஸ்விஃப்ட் கரன்ட் பக்கத்து ஜனம் ஓட்டுப் போட்டு தாங்களே வரி கட்டி 1946ல டாக்டர் செலவ பொதுவுக்கு கொண்டாந்தாங்க, மாகாணம் முழுக்க அது 1962லதான் வந்துச்சு. ரொம்ப அழகா நெனச்சுக்காதீங்க, எல்லாத்துக்கும் அதே பத்து பேர்தான், அவங்களுக்கும் வயசு எழுபது. புதுசா வந்த என்னை யாரும் கூட்டத்துக்கு வான்னு கூப்புடல, சனிக்கிழமை உருளைக்கிழங்கு உரிக்க வரியான்னுதான் கேட்டாங்க, போனேன், இப்ப கமிட்டில இருக்கேன்.

கெடிலக்கரை:
தெற்குத்தெரு, நீங்க சொன்னது சுருக்குன்னுச்சு. எங்க ஊர்லயும் அந்த தெரு கணக்குல இல்ல, நான் அத எழுதச்சொல்ல நெனக்கவே இல்ல. அக்டோபர் 2க்கு முன்னாடி முதல்ல அங்கதான் போய் பேசணும், தீர்மானத்த அங்கேர்ந்தே யாராவது படிச்சா நல்லாருக்கும், அவங்க ஒத்துக்கணும். அக்கா உருளைக்கிழங்கு மேட்டர் புடிச்சிருக்கு, மூட்டை தூக்க ஒரு ஞாயித்துக்கிழமை ஆள் கூப்புடுறேன். சாவி டேங்க் ஆபரேட்டர்ட்ட இருக்காம், காலைல அவர பாக்க போறேன்.