ராப்போஜனத் தட்டு தாண்டிப் போன அனுபவம் உண்டா?

திருப்பூர் அக்கா:
மனசை விட்டுப் போக மாட்டேங்குது, அதான் எழுதறேன். ஷிப்மென்ட் நேரத்துல எங்க ஊர்ல ஞாயிறு ஏது, ராத்திரி ஏது. செக்கிங்ல இருக்கிற தங்கச்சி ஒருத்தி விடிய விடிய நின்னுட்டு நேரா ஆராதனைக்கு வந்திருந்தா. தலையெல்லாம் பஞ்சு. ஞாயித்துக்கெழமை வேலைக்குப் போறவன்னு சொல்லி, ராப்போஜனத் தட்டை, அதான் இயேசுவோட கடைசி விருந்தை நினைச்சு அப்பம் பகிர்ற தட்டை, அவளைத் தாண்டிக் கொண்டுபோயிட்டாங்க. நீட்டின கை அப்படியே நிக்குது. பக்கத்துல இருந்த ஆத்தா தன்னோட அப்பத்தைப் பிட்டு, "இந்தா கண்ணு"ன்னு பாதியை அந்தக் கையில வெச்சாங்க. கிருபைன்னு யார் பிரசங்கம் பண்ணினாலும் எனக்கு அந்தப் பாதித் துண்டுதான் கண்ணுல நிக்குது.

கோபி தம்பி:
ஆத்தா செஞ்சது அன்புதானுங்க அக்கா. அதுக்காகச் சபையில ஒழுங்கே வேண்டாம்னு ஆயிடக்கூடாது. சபையை நடத்தற மூப்பர்கள் ராப்போஜனப் பந்தியில இருந்து நிறுத்தி வெச்சதாலதான் எங்க மாமா குடியை விட்டார். தன்னைச் சோதிச்சுப் பாத்துட்டுப் புசிக்கணும்னு பைபிள்ல 1 கொரிந்தியர் 11 சொல்லுதில்லைங்களா? அந்தத் தங்கச்சியை சூப்பர்வைசர்கிட்ட ஷிப்ட் மாத்திக் கேக்கச் சொல்லுங்க. சனிக்கிழமை சம்பளம் வாங்கறப்பவே பேசிடறது நல்லது. முடியலைன்னா சாயங்கால ஆராதனை இருக்கிற சபையாப் பாக்கட்டும். பாஸ்டரையும் தனியாப் போய்ப் பாக்கணும், மத்தேயு 18 சொல்ற முறை அதுதான். அப்படியும் சரியாகலைன்னா, அடுத்த தடவை வீட்டுப் பெரியவங்க யாரையாவது கூட்டிட்டுப் போகட்டும். மனசுல கசப்பை மட்டும் வளர்த்துக்க வேண்டாம்னு சொல்லுங்க.

பவானிக்காரி:
எங்க அம்மா ஞானஸ்நானத்துக்கு ஆத்துக்குப் போனப்ப, தாலியைக் கழட்டினாத்தான் தண்ணில எறங்கலாம்னாங்க. அப்பா விசுவாசி இல்லை, ஆனா அம்மாவுக்காகக் கரையில வந்து நின்னுட்டிருந்தார். அம்மா அவரைப் பாத்தாங்க. அப்புறம் நனையாத சேலையோடவே வீட்டுக்கு வந்துட்டாங்க. இப்ப சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) கோயிலுக்குப் போறாங்க.

கோபி அண்ணா, அந்த அதிகாரத்தை முழுசாப் படிங்க. தன்னைத்தானே சோதிக்கச் சொல்லியிருக்கு, பக்கத்துல இருக்கிறவங்களை இல்ல. சோதிச்சுட்டுப் புசின்னுதான் வசனம் முடியுது. அந்தக் கடிதத்தை எழுதின பவுல் அங்க கண்டிக்கிறதே, முந்திச் சாப்பிட்டுட்டு இல்லாதவங்களை வெக்கப்படுத்தினவங்களைத்தான். ஒருத்தருக்காக ஒருத்தர் காத்திருங்கன்னு 33-ம் வசனத்துல இருக்கு. அந்தியோகியா ஊர்ல இயேசுவோட சீஷர் பேதுரு, யூதரல்லாத புறஜாதியாரோட பந்தியில இருந்து விலகினப்பவும், எல்லாருக்கும் முன்னாலதான் பவுல் கேட்டார். கலாத்தியர் 2-ஐப் பாருங்க.

உங்க மாமாவை நிறுத்தி வெச்சது குடியில இருந்து திருப்பறதுக்கு, சரி. இந்தப் பொண்ணை எதுல இருந்துங்க திருப்பறது, கூலி வேலையில இருந்தா?