ரயிலில் முதலில் குறைய வேண்டியது கட்டணமா, காத்திருப்பா? (புனைபெயர்களில் நால்வர் பேசும் விவாதம்)

தண்டவாளம்:
ரயில் கட்டணம் பற்றிப் பேச்செடுத்தாலே "நஷ்டம்" என்ற சொல் முன்னால் வந்து நிற்கிறது. சாலை போடுகிறோம், மேம்பாலம் கட்டுகிறோம். இந்தச் சாலை இந்த ஆண்டு எவ்வளவு நஷ்டம் என்று யாரும் கேட்பதில்லை. ரயிலில் மட்டும் ஒவ்வொரு பயணியின் தலையிலும் கணக்கு எழுதுகிறோம். தினமும் வேலைக்குப் போகிறவருக்குக் கட்டணம் சுமையாக இருக்கக் கூடாது, மீதியைப் பொது நிதி ஏற்க வேண்டும் என்பது என் வாதம். ஜெர்மனி 2022 ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் 9 யூரோவுக்கு மாத டிக்கெட் விற்றது. நாடு முழுவதும் உள்ளூர் பஸ்ஸிலும் வட்டார ரயிலிலும் அது செல்லும். ஏறத்தாழ 5.2 கோடி டிக்கெட்டுகள் விற்றன. மக்களுக்கு ரயிலில் ஆசை இல்லாமல் இல்லை. விலைதான் மறிக்கிறது.

வரவுசெலவு:
அந்த மூன்று மாதத்துக்கு ஜெர்மன் மத்திய அரசு ஈடுகட்டிய தொகை 250 கோடி யூரோ. அதில் ஒரு பெட்டி கூடுதலாக வந்ததா? ஒரு பாதை இரட்டையானதா? இருந்த ரயிலிலேயே கூட்டம் நெரிந்தது. பிறகு 2023 மே மாதம் அதே டிக்கெட் 49 யூரோவாகத் திரும்பி வந்தது, 2025இல் 58 ஆனது. ஒவ்வொரு உயர்வுக்கு முன்பும் மத்திய அரசும் மாநிலங்களும் யார் எவ்வளவு தருவது என்று மல்லுக்கட்டின. பெல்ஜியத்தின் ஹாசல்ட் நகரம் 1997இல் பஸ்ஸை இலவசமாக்கிப் பெயர் பெற்றது. செலவு தாங்காமல் 2013இல் கைவிட்டது. கட்டணத்தை மறந்துவிட்டு அரசின் கையை மட்டும் பார்க்கும் சேவை, அரசு சிக்கனம் பிடிக்கும் ஆண்டில் முதலில் அடிபடும். ஏழைக்கு உதவ வேண்டும் என்றால் அவருக்கு நேராகச் சலுகை கொடுங்கள். வசதி உள்ளவருக்கும் சேர்த்து ஏன் விலையைக் குறைக்க வேண்டும்?

பின்னிருக்கை:
அதிகாலையில் அலுவலகங்களைத் துப்புரவு செய்யப் போகிறவள் நான். இரண்டு பேருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். மாதப் பாஸ் மலிவுதான். ஆனால் சம்பளம் தாமதமான மாதங்களில் மொத்தப் பணத்தை ஒரே நாளில் எடுத்துவைக்க என்னால் முடிந்ததில்லை. பத்து நாள் தனித்தனி டிக்கெட் எடுத்து ஓட்டியிருக்கிறேன். கணக்குப் பார்த்தால் பாஸை விட அதிகம் கொடுத்திருந்தேன். கையில் பணம் இல்லாதவள்தான் கூடுதல் விலை கொடுக்கிறாள். இன்னொன்று, என் பணி தொடங்கி அரை மணி நேரம் கழித்துத்தான் முதல் ரயிலே வருகிறது. டிக்கெட்டை இலவசமாகக் கொடுத்தாலும் அந்த ரயில் எனக்கு எதற்கு?

தண்டவாளம்:
பின்னிருக்கை அவர்களே, முதல் குறைக்கு வழி இருக்கிறது. லண்டனில் 2005 முதல் பயண அட்டைக்கு நாள் உச்சவரம்பு உண்டு. தனித்தனியாகப் பயணம் செய்தாலும் வரம்பைத் தொட்டதும் மேற்கொண்டு பணம் எடுக்காது. இதையே மாதத்துக்கும் நீட்டினால் முன்பணம் கட்ட முடியாதவருக்கும் பாஸின் விலை கிடைத்துவிடும். மனு, வருமானச் சான்று, வரிசை எதுவும் வேண்டாம். வரவுசெலவு சொல்லும் நேரடிச் சலுகையை நான் நம்பாததற்குக் காரணம் இதுதான். சான்று வாங்க ஒரு நாள் கூலியை இழக்க வேண்டும் என்றால் பாதிப் பேர் வாங்கவே மாட்டார்கள்.

அரசு கையை எடுத்தால் என்ன ஆகும் என்பதும் அதே லண்டனில் தெரிந்தது. 1981 அக்டோபரில் மாநகர மன்றம் கட்டணத்தை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. செலவுக்குச் சொத்து வரியைக் கூட்டியது. தன் எல்லைக்குள் சுரங்க ரயில் நிலையமே இல்லாத ப்ராம்லி என்ற பகுதி வழக்குப் போட்டது. டிசம்பரில், அப்போது நாட்டின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபையின் நீதிபதிகள் அது சட்டவிரோதம் என்றார்கள். 1982 மார்ச்சில் கட்டணம் ஏறக்குறைய இருமடங்கானது. கூடி வந்த பயணிகள் எண்ணிக்கை குறைந்தது, சாலையில் கார்கள் கூடின.

வரவுசெலவு:
ப்ராம்லி கேட்டதில் நியாயம் இல்லையா? சுரங்க ரயிலே வராத பகுதியில் இருப்பவர் ஏன் அதற்கு வரி கட்ட வேண்டும்? நீங்கள் ஒரு முறையாவது சுவிட்சர்லாந்தைப் பாருங்கள். அங்கே டிக்கெட் மலிவு அல்ல. ஆனாலும் ஐரோப்பாவில் தலைக்கு அதிகம் ரயிலில் போகிறவர்கள் அவர்கள்தான். 1982 முதல் நாடு முழுவதும் சீரான இடைவெளியில் ரயில், ஒன்றில் இறங்கினால் அடுத்தது காத்திருக்கும். கால அட்டவணையைப் பார்க்காமலே நிலையத்துக்குப் போகலாம் என்ற நம்பிக்கை வந்த பிறகு மக்கள் விலையைப் பொருட்படுத்தவில்லை.

தண்டவாளம்:
அந்த ரயில்களை ஓட்டும் பாதைக்குப் பணம் எங்கிருந்து வந்தது? 2014இல் சுவிஸ் மக்கள் பொது வாக்கெடுப்பில் 62 சதவீதம் பேர் ஆதரித்து ரயில் கட்டமைப்புக்கென்று தனி நிதியை ஏற்படுத்தினார்கள். டிக்கெட் பணத்தில் மட்டும் அந்த அட்டவணை ஓடவில்லை.

சிக்னல்:
பாதைப் பராமரிப்பில் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். கட்டணம் ஏறினாலும் இறங்கினாலும் செய்தி ஆகும். தண்டவாளத்துக்கு அடியில் உள்ள ஜல்லி சலித்துச் சுத்தம் செய்யப்படாமல் விடுபட்டது செய்தி ஆகாது. அதனால் பற்றாக்குறை வரும்போது எந்த ஆட்சியானாலும் அங்கேதான் முதலில் வெட்டும். 2000 அக்டோபரில் இங்கிலாந்தின் ஹாட்ஃபீல்டில் தேய்ந்து விரிசல் கண்ட தண்டவாளம் உடைந்து 4 பேர் இறந்தார்கள். பிறகு நாடெங்கும் வேகக் கட்டுப்பாடு போட்டார்கள், கால அட்டவணை குலைந்தது. பாதையை வைத்திருந்த தனியார் நிறுவனமான ரெயில்டிராக் அடுத்த ஆண்டே நொடித்தது. கட்டணச் சலுகைக்கும் பராமரிப்புக்கும் ஒரே பெட்டியில் பணம் இருந்தால் பராமரிப்பு தோற்கும். இரண்டையும் சட்டப்படியே தனித்தனியாகப் பிரியுங்கள்.

வரவுசெலவு:
சிக்னல் சொல்வதை முழுமையாக ஏற்கிறேன். கட்டணத்திலேயே ஒரு மாற்று சொல்கிறேன். நெரிசல் நேரத்தில் அதிகக் கட்டணம், மற்ற நேரத்தில் குறைவு. அதிகப்படியான பெட்டிகளும் ஊழியர்களும் அந்த இரண்டு மணி நேரத்துக்காகத்தானே வேண்டியிருக்கிறது?

பின்னிருக்கை:
எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று முடிவு செய்கிறவர் என் முதலாளி. அந்த நேரத்துக்கான கூடுதல் கட்டணத்தை நான் ஏன் கட்ட வேண்டும்?

தண்டவாளம்:
இதைக் கேட்கத்தான் ஆள் இல்லாமல் இருந்தது. பிரான்ஸ் 1971இல் பாரிஸ் வட்டாரத்திலும் 1973 முதல் மற்ற நகரங்களிலும் முதலாளிகளிடம் போக்குவரத்து வரி வாங்குகிறது. இப்போது 11 பேர் அல்லது அதற்கு மேல் வேலைக்கு வைத்திருப்பவர்கள், கொடுக்கும் சம்பளத்தில் ஒரு விகிதத்தைக் கட்டுகிறார்கள். அதோடு ஊழியரின் பாஸில் பாதியையும் தருகிறார்கள். தொழிலாளி நேரத்துக்கு வந்து சேர்வதால் ஆதாயம் பெறுகிறவர் பங்கு கொடுக்கிறார். வரவுசெலவு, ரயிலே ஏறாதவர் ஏன் தர வேண்டும் என்றீர்களே, இவர் ஏறாமலே பலன் பெறுகிறவர்.

வரவுசெலவு:
அந்த வரியை நான் எதிர்க்க மாட்டேன். செலவையும் பலனையும் ஒரே இடத்தில் வைக்கிறது. ஆனால் அந்தப் பணம் விலைக் குறைப்புக்குப் போகாமல் பின்னிருக்கை கேட்கும் அதிகாலை ரயிலுக்குப் போக வேண்டும். இலவச டிக்கெட்டுக்கு இன்னமும் நான் உடன்படவில்லை.

சிக்னல்:
அதிகாலை ரயில் என்று எளிதாகச் சொல்லிவிட்டீர்கள். கடைசி ரயில் போனதற்கும் முதல் ரயில் வருவதற்கும் நடுவில் உள்ள மூன்று நான்கு மணி நேரத்தில்தான் பாதையில் இறங்கி வேலை செய்கிறோம். அதில் ஒரு மணி நேரத்தை எடுத்தால் ஆண்டுக்கு 365 மணி நேரப் பராமரிப்பு போய்விடும். இணையாக இன்னொரு பாதை இருக்கும் தடங்களில் முடியும். மற்ற இடங்களில் ரயில் தொடங்கும் வரை அதே வழியில் பஸ் விடலாம்.

பின்னிருக்கை:
பஸ் எனக்குப் போதும். ஆனால் ரயில் பாஸ் அதில் செல்ல வேண்டும், என் நிலையத்திலேயே நிற்க வேண்டும். இரண்டாவது டிக்கெட் எடுக்கச் சொன்னால் நான் பழையபடி நடந்துதான் போவேன்.