விண் கூவுதில்லை, எங்கை பிழை?

கிடுகுவேலி:
வாற தைப்பொங்கலுக்கு ஒழுங்கைப் பிள்ளையள் பத்துப் பேருக்கு நாங்கள் சின்னனிலை விளையாடினதுகளைச் செய்து காட்டுற யோசினை. விண் பட்டம் (காத்திலை அதிர்ந்து கூவுறதுக்கு நாடா கட்டின வில்லைத் தலையிலை பூட்டின பட்டம், அந்த வில்லுத்தான் விண்), பனங்காய் வண்டில், கிட்டிப்புள். பட்டம் நல்லாய் ஏறுது, விண்தான் கூவுதில்லை. மூண்டடிப் படலம் எண்ட வகைப் பட்டம். மூங்கில் வில், இரண்டே முக்கால் அடி. பெட்டி கட்டுற பார்சல் நாடாவை முழு அகலத்தோடை முடிஞ்சிருக்கு. தளர விட்டால் படபடக்குது, இறுக்கினால் வில் முறியுது. இரண்டு வில் போச்சு. தெரிஞ்ச அண்ணைமார் சொல்லுங்கோ.

கொக்குவால்:
தம்பி, பிழை நாடாவிலையும் இருக்கு, வில்லிலையும் இருக்கு.

பார்சல் நாடா முழு அகலத்திலை விண்ணுக்குச் சரிவராது. அது தடிப்பு, பாரம். அதை அதிர வைக்கிற அளவுக்கு இறுக்க வெளிக்கிட்டால் வில்தான் முறியும். நீளப்பாட்டுக்குக் கீறி 5, 6 மில்லிமீற்றர் அகலமாக்குங்கோ. பிறகு பலகையிலை வைச்சு, உடைஞ்ச கண்ணாடித் துண்டாலை இரண்டு பக்கமும் மெல்லமாய்ச் சுரண்டுங்கோ. வெளிச்சத்துக்குப் பிடிச்சால் ஒரே சீராய்த் தெரிய வேணும். ஓரிடத்திலை தடிப்பு நிண்டாலும் சத்தம் கரகரக்கும்.

அடுத்தது கட்டுற விதம். நாடாவையே முடிஞ்சால் முடிச்சடியிலை அது சுருங்கித் திரும்பிவிடும். நுனியை ஒரு அங்குலம் மடிச்சு, மடிப்புக்குள்ளை ஈர்க்குத் துண்டொண்டை வைச்சு, அதைச் சுத்தி நூல் போட்டு, அந்த நூலை வில்லு நுனி வெட்டிலை கட்டுங்கோ. அப்பதான் நாடா தட்டையாய் நிற்கும்.

கனபேர் விடுகிற பிழை இதுதான்: நாடாவின்ரை அகலப்பக்கம் காத்தைப் பார்க்கக் கூடாது. விளிம்பு காத்தை வெட்ட வேணும், கத்தி மாதிரி. புல்லு இலையை இரண்டு பெருவிரலுக்கு நடுவிலை நெட்டையாய்ப் பிடிச்சு ஊதினால் கூவும், படுக்க வைச்சு ஊதினால் மடியும். விண்ணும் அதே வேலைதான்.

வில்லுக்கு முத்தின மூங்கில், காய்ஞ்சது. பச்சை மூங்கில் ஒரு இரவிலை வளைஞ்சபடியே படிஞ்சு இழுவையை விட்டிடும். தோல்பக்கம் வெளியாலை இருக்கட்டும், அதிலை கத்தி வைக்காதேங்கோ, பலமே தோலிலைதான். சீவிறதெல்லாம் உள்பக்கம். கணு நடுவிலை வந்தால் வளைவு கோணும், கணுவுக்குப் பக்கத்திலை முறியும். நடுவிலை தடிப்பு, இரண்டு நுனிக்கும் ஒரே அளவாய் மெலிவு.

கட்டி முடிச்சு விரலாலை ஒருக்காத் தட்டிப் பாருங்கோ. "டொக்" எண்டால் தளர்வு. "ணொய்ங்" எண்டு இழுத்தால் சரி. பட்டத்திலை பூட்ட முதல் சைக்கிள் கரியரிலை ஒருத்தரை இருத்தி, வில்லைத் தூக்கிப் பிடிக்கச் சொல்லி ஓடுங்கோ. அதிலை கூவினால் மேலையும் கூவும்.

வாடைக்காத்து:
கொக்குவால் அண்ணை சொன்னது சரி, ஆனால் நாடாவிலை எனக்கு விருப்பமில்லை. அது கீச்செண்டு கத்தும். பனை நார் விண்தான் கூவும். பச்சை மட்டையிலை நாரை உரிச்சு, நிழலிலை காய விட்டு, மேலே சொன்ன மாதிரியே சுரண்டினால் போதும். குறை ஒண்டு இருக்கு: நார் பனி குடிக்கும். இரவு முழுக்க மரத்திலை கட்டி விட்டால் விடியப்புறம் சத்தம் இறங்கி, பிறகு நிண்டுவிடும். இரவுக்கெண்டால் நாடா, பின்னேரத்துக்கு நார்.

விண் பூட்டினதும் தலையிலை பாரமும் கூடும், காத்துத் தடையும் கூடும். அதாலை முச்சை (பட்டத்திலை கட்டி, ஏத்துற நூலைப் பூட்டுற நூல்) முடிச்சை அரை அங்குலம் மேலே ஏத்துங்கோ. அளவுக்கு மிஞ்சி ஏத்தினால் இழுவை போய்த் தலைகுத்தும். கீழை விட்டால் நூலை அறுக்கிற மாதிரி இழுக்கும், ஆனால் உயராது. வாலைப் பதினைஞ்சு அடியிலை துவங்கி, ஒவ்வொரு அடியாய் வெட்டிக் குறையுங்கோ. நாடா தாளிலை முட்டக் கூடாது, நாலு விரல் இடைவெளி வேணும்.

பனை அடர்ந்த வளவுக்குள்ளை ஏத்தாதேங்கோ, காத்து சுழலும். பொங்கலண்டு வல்வெட்டித்துறை உதயசூரியன் கடற்கரையிலை அவ்வளவு பெரிய பட்டங்கள் ஏறுறதுக்கு வாடை தடையில்லாமல் கடலாலை வாறதும் ஒரு காரணம். பிள்ளையளுக்குத் தங்கூசி (நைலோன் நூல்) குடுக்க வேண்டாம், விரலை அறுக்கும். கறன்ட் கம்பிக்குக் கிட்டவும் வேண்டாம். சிக்கினால் இழுக்கக் கூடாது, விட்டிட்டு வாறதுதான்.

குரும்பட்டி:
பட்டத்தை நீங்கள் பாருங்கோ. தையிலை பனங்காய்க்கு எங்கை போறது? பழம் விழுறது ஆடி, ஆவணி, புரட்டாதியிலை. தையிலை பனங்கிழங்குதான் வரும், அதிலை சில்லுப் பூட்டேலாது.

பருவத்திலை செய்யிறதெண்டால்: ஒரே பருமனிலை இரண்டு காய், மூண்டு விதை உள்ளதாய்ப் பாருங்கோ. ஒரு விதை, இரண்டு விதைக் காய் ஒரு பக்கம் பாரம் கூடி வண்டிலை ஆட்டும். நடுவிலை துளைச்சு ஒண்டரை அடித் தடியை இறுக்கிப் பூட்டி, அதின்ரை நடுவிலை கவைத்தடியை வைச்சுத் தள்ளுறது. கவை அகலமாய் இருந்தால் தடி ஒரு பக்கம் வழுகி, வளைவிலை கழரும்.

இப்போதைக்குக் குரும்பட்டித் தேர், அதுதான் தென்னம் பிஞ்சாலை தேர், கட்டுங்கோ. அண்டண்டு விழுந்த பச்சைக் குரும்பட்டியை எடுங்கோ. இரண்டு நாள் காய்ஞ்சால் இறுகி, ஈர்க்குத்தான் முறியும். சில்லுக்குப் பெரிசு நாலு, மேலே போகப் போகச் சின்னன். ஈர்க்கின் அடிப்பக்கம் அச்சுக்கு, நுனி கோபுரத்துக்கு.

கிட்டிக்குப் பூவரசங் கொம்பு போதும். புள்ளு அஞ்சு அங்குலம், இரண்டு நுனியும் சீவினது, ஆனால் கூராக்காதேங்கோ. பார்க்கிற பிள்ளையளை அடிக்கிறவருக்கு முன்னாலை நிற்க விடக் கூடாது, கண்.

கிடுகுவேலி:
6 மில்லிமீற்றருக்குக் கீறிச் சுரண்டியாச்சு. சைக்கிளிலை கூவுது! ஆனால் பட்டத்திலை பூட்டினால் காத்துக் கூடேக்கை மட்டும் கூவி நிற்குது.

கொக்குவால்:
அப்ப இன்னும் கொஞ்சம் பாரம். நடுச் சாணளவை மட்டும் இன்னொருக்காச் சுரண்டுங்கோ, நுனியைத் தொடாதேங்கோ. பிறகும் நிண்டால் இறுக்கத்தை ஒரு நூல் அளவு குறையுங்கோ. மெல்லிய காத்துக்குத் தளர்வான விண்தான் முதலிலை வாய் திறக்கும்.