அந்தியூர்ச் சந்தைக்குக் குதிரை ஏற்றிப் போகும்போது தீவனத்துக்கு என்ன செய்வது?

பள்ளத்தூரான்:
ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்கு என் இரண்டு பெட்டைக்குதிரைகளையும் லாரியில் கொண்டுபோகிறேன். ஏறத்தாழ 270 கிலோமீட்டர். தீவனத்தை ஏற்றி இடத்தை அடைக்க வேண்டாம், கரூர்ப் பக்கம் வைக்கோல் கிடைக்கும் என்கிறார் ஓட்டுநர். சரியா? ஒன்று சினையோ என்ற ஐயமும் இருக்கிறது.

தேவகோட்டை லாயம்:
தம்பி, வழியில் வாங்கவே வாங்காதீர்கள். ஒருமுறை சாலையோரம் வாங்கிய கட்டின் உள்ளே பூஞ்சை பிடித்திருந்தது. இருட்டில் நான் பிரித்துப் பார்க்கவில்லை. விடியும்முன் என் குதிரை வயிற்றுவலியில் புரண்டது. குதிரைக்கு வாந்தி எடுக்க வராது. உள்ளே போனது போனதுதான். மருத்துவர் வந்து சேரும்வரை அதன் கயிற்றைப் பிடித்து நடத்திக்கொண்டே இருந்தேன். அந்த இரவை இன்னும் மறக்கவில்லை.

வீட்டில் தின்று பழகிய காய்ந்த புல்லையே கட்டிக்கொள்ளுங்கள். 300 கிலோ குதிரைக்கு நாளுக்கு ஐந்தாறு கிலோ வேண்டும். திரும்பி வரும் நாளுக்கும் சேர்த்து எடுங்கள். தூசி மூக்கில் ஏறாதபடி தண்ணீர் தெளித்துப் போடுங்கள். தார்ப்பாய் இல்லாமல் புல்லுக்கட்டை லாரிக் கூரையில் ஏற்றினால் ஒரு மழையில் எல்லாம் பாழ். கொள்ளுத் தீனியைப் பயணத்தன்று குறைத்துவிடுங்கள். நான்கு மணி நேரத்துக்கொரு முறை நிறுத்தி, தண்ணீர் காட்டி, தலைக்கயிற்றைத் தளர்த்துங்கள். தலையைத் தாழ்த்தினால்தான் மூச்சுக்குழாய்ச் சளி இறங்கும்.

சினையா என்பதை முதலில் பார்த்துவிடுங்கள். சினையென்றால் அதை வீட்டில் விட்டுப் போங்கள், தம்பி.

காரைக்குடி வாசகர்:
பெரியவர் சொன்னதுதான் சட்டத்திலும் இருக்கிறது. 1978ஆம் ஆண்டின் விலங்குகள் போக்குவரத்து விதிகளின்படி, தீனியும் தண்ணீரும் கொடுத்த பிறகே குதிரையை ஏற்ற வேண்டும். பயணம் முழுவதற்கும் போதுமான தீவனம் கூடவே போக வேண்டும். பயணத்துக்குத் தகுதியானது என்று கால்நடை மருத்துவர் தரும் சான்றிதழ் கட்டாயம். சினைக்குதிரையை மற்றவற்றோடு கலந்து ஏற்றக் கூடாது. வண்டித் தரை வழுக்கக் கூடாது. குதிரைகளுக்கு இடையே குறைந்தது 8 சென்டிமீட்டர் விட்டமுள்ள மூங்கில் வேண்டும். தலை இடப்பக்கம் பார்த்திருக்க வேண்டும். வேகம் மணிக்கு 35 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. ஆகவே ஓடும் நேரம் மட்டுமே ஏறத்தாழ எட்டு மணி நேரம். ஓட்டுநரிடம் இதை முதலிலேயே பேசிவிடுங்கள்.

பள்ளத்தூரான்:
நன்றி ஐயா. நாளை காலை இரண்டையும் கால்நடை மருத்துவரிடம் காட்டுகிறேன். புல்லை இன்றே வெயிலில் பிரித்துப் போட்டுவிட்டேன்.